மலை ஏறக்கூடாத வருசம்

கீரிமலையில் மலை கிடையாது. யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே ஒரு கேணி இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது, செத்தவர்களுக்குக் கிரியை செய்ய வருகிறவர்கள் தங்க மடம் இருக்கிறது. மலை பேரில் மட்டும்தான். குடாநாடு முழுக்கத் தேடினாலும் ஒரு தேங்காய் தானாக உருண்டு போகிற அளவுக்குச் சரிவு கிடைக்காது. எங்கள் ஊர்க் கிழவர்கள் எண்பது வயதிலும் மூச்சு வாங்காமல் சைக்கிள் ஓடுவதற்கு அதுதான் காரணம். அவர்கள் சொல்லிக்கொள்கிற மாதிரி, பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ் அல்ல.

அந்தக் கீரிமலையில்தான், தகப்பன் நமசிவாயத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, மொட்டைத் தலையில் உப்புத் தண்ணீர் வடியக் கரையேறிய கீர்த்திகனைப் பார்த்து அம்மா அதைச் சொன்னார்.

"தம்பி, கொள்ளி வைச்சது நீ. ஆண்டுத்திவசம் முடியும் மட்டும் மலை ஏறப்படாது, கடல் கடக்கப்படாது. தெரியும்தானே."

துவாயை நீட்டிக்கொண்டு நின்ற கஜந்தினி கையை அப்படியே வைத்திருந்தாள். கீர்த்திகன் துவாயை வாங்காமல் பெண்சாதியின் முகத்தைப் பார்த்தான். உரும்பிராயில் அவர்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு நீல முதுகுப்பையும் ஒரு சிவப்பு முதுகுப்பையும் கிடந்தன. ஆனிக் கடைசியில் நோர்வேக்குப் பயணம். இரண்டு பேருடைய பாஸ்போட்டிலும் விசா ஒட்டியாயிற்று. இரண்டு மாதம் மலைகளில் நடந்து, நுழைகழிகளின் கரையில் படுத்தெழும்பி, கடைசியில் ஒரு பாறையில் போய் நிற்கிற பயணம். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாததல்ல. அந்தப் பைகளைத் தூக்கிப் பாரம் பார்த்து, "உதோடை நடக்கிறதெண்டால் கழுதையாய்ப் பிறந்திருக்கலாம்" என்று சொன்னதே அவர்தான்.

"அம்மா, இதுவும் மலைதானே? இப்ப ஏறித்தானே நிக்கிறம்?" என்றான் கீர்த்திகன்.

"இது பேர்தான் மலை," என்றார் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

அவனுக்கு மலைப்பித்து எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்ல வேண்டும். உரும்பிராய்ச் சந்தியில் தண்ணீர் இறைக்கிற பம்ப் திருத்தும் கடை வைத்திருக்கிறவனுக்கு நோர்வே எதற்கு என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புவியியல் புத்தகத்தில் அவன் நுழைகழி என்ற சொல்லைப் பாடமாக்கினான். பனிக்கட்டியாறு அரித்த பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்தால் அது நுழைகழி. சோதனையில் இரண்டு புள்ளி. புள்ளியை வாங்கிக்கொண்டு எல்லாரும் மறந்துவிட்டார்கள், இவனுக்கு மட்டும் அந்தச் சொல் உள்ளே போய் இருந்துகொண்டது. கடல் எப்படி நுழையும்? எங்கள் கடல் நுழைகிற கடல் அல்ல, படுத்துக் கிடக்கிற கடல். முழங்கால் தண்ணீரில் அரை மணித்தியாலம் நடந்தாலும் இடுப்பு நனையாது.

கலியாணம் முடித்த புதிதில் சொந்தக்காரரோடு வான் பிடித்து மலைநாட்டுக்குப் போய்ச் சிவனொளிபாத மலை ஏறினார்கள். சொந்தக்காரர் எல்லாரும் பாதிவழியில் தேத்தண்ணிக் கடையோடு நின்றுவிட, புதுமாப்பிள்ளையும் பொம்பிளையும் மட்டும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விடிந்தபோது மலையின் நிழல் முகில்களுக்கு மேலே விழுந்து கிடந்தது. கீர்த்திகன் அந்த இடத்திலேயே இருந்துவிட்டான்.  கஜந்தினிதான் வாய் திறந்தாள்.

"என்னப்பா, இதிலும் பெரிசு எங்கை கிடக்கு?"

அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு எட்டு வருசம். கஜந்தினி கோப்பாயில் ஒரு வங்கியில் வேலை செய்தாள். லீவு சேர்த்தார்கள், சப்பாத்துச் சேர்த்தார்கள், கீர்த்திகனின் பெரியம்மாவின் மகள் றஜிதா அக்கா பேர்கன் நகரத்தில் தாதியாக இருந்ததால் அழைப்புக் கடிதமும் கிடைத்தது. நடந்து பழகுவதற்கு மேடு இல்லாத ஊரில் என்ன செய்வது? உரப்பையில் செம்மண்ணை நிரப்பி முதுகுப்பைக்குள் வைத்துக்கொண்டு, விடியப்புறத்தில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு பேரும் நடந்தார்கள். சில நாட்களில் தண்ணீர்த் தாங்கியின் படிகளில் ஏறி இறங்கினார்கள். ஒருநாள் ரோந்து வந்த பொலிஸ்காரர் மறித்துப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, மண் ஏற்றுவதற்குப் பெர்மிட் இருக்கா என்று கேட்டார். இல்லை என்றதும் கொட்டிவிட்டுப் போகச் சொன்னார். கொட்டிவிட்டு வந்து, வீட்டில் மறுபடியும் நிரப்பினார்கள்.

எட்டு வருசத்தில் பிள்ளை இல்லை. நேர்த்தி வைக்காத கோயில் இல்லை, பார்க்காத டொக்டர் இல்லை. "பிள்ளைக்குத் தவம் கிடக்கிற வயதிலை மண் மூட்டையோடை திரியுதுகள்" என்று சொன்னவர்களுக்கு, அந்த மூட்டையைச் சுமக்கிற நேரம் மட்டும்தான் இரண்டு பேருக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இருந்தது என்பது எப்படித் தெரியும்?

கீரிமலையால் வந்து இரண்டு கிழமை கீர்த்திகன் தனக்குள்ளேயே வழக்காடினான். சாத்திரத்தில் அவனுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. கடையில் வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவான், அவ்வளவுதான். அம்மா போகாதே என்று ஒருதரமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்துக்கொண்டு போயிருப்பான். அம்மா செய்தது வேறொன்று. விடியக் காலையில் எழும்பி இரண்டு தேத்தண்ணி போட்டார். ஒன்று தனக்கு, ஒன்று அப்பாவுக்கு. போட்ட பிறகுதான் அவருக்கு நினைப்பு வரும். இரண்டாவதை ஊற்றவும் மனமில்லாமல் குடிக்கவும் மனமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அது ஆறிப் பாலாடை படிந்துவிடும். ஒருநாள் கீர்த்திகன் போய் அந்தக் கோப்பையை எடுத்துக் குடித்தான். அடுத்த நாளும் குடித்தான். அதற்குப் பிறகு அவன் எப்படிப் போவான்? அவன் ஒரே பிள்ளை. அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

"நீர் போம்," என்றான் கஜந்தினியிடம்.

"விசர்க்கதை கதையாதையுங்கோ. நான் தனிய என்னத்துக்கு?"

"ரெண்டு பேரும் நிண்டால் ரெண்டு பேரும் பாக்கேல்லை. திரும்ப விசா தருவாங்களோ எண்டு ஆருக்குத் தெரியும்? நீர் போட்டு வாரும்."

அவள் மூன்று தரம் மாட்டேன் என்றாள். நாலாம் தரம் பேசாமல் இருந்தாள். அவளுக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது. அது அவனுக்குத் தெரிந்திருந்தது, அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அன்று பின்னேரம் அவள் குசினிக்குள் நின்று அழுதாள். ஆசைப்பட்டதற்காக அழுதாள் என்று அவன் விளங்கிக்கொண்டான்.

ஊர்ப் பெண்கள் விசாரிக்க வந்தார்கள். மாமன் செத்து மூன்று மாதம் ஆகவில்லை, மருமகள் மலை ஏறப் போகலாமோ? அம்மா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"கொள்ளி வைச்சவனுக்குத்தான் வருசம். மருமகளுக்கு முப்பத்தொண்டோடை சரி."

தன் மருமகளுக்குச் சலுகை கொடுக்கிற ஆள் அல்ல அம்மா. இல்லாத விதியைச் சொல்கிற ஆளும் அல்ல. கேட்க வந்தவர்கள் முகம் கறுத்துப் போனார்கள். போனவர்களே அடுத்த கிழமை பார்சலோடு வந்தார்கள். ஒஸ்லோவில் மகளுக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பேர்கனில் மருமகனுக்கு ஒடியல், எந்த ஊர் என்று சரியாகத் தெரியாத தம்பிக்குப் பனங்கட்டிக் குட்டான். "நடந்து போற வழியிலை குடுத்துவிடு பிள்ளை" என்றார் ஒருவர், ஏதோ கஜந்தினி சுன்னாகத்துக்குப் போவது மாதிரி. நீலப்பைக்குள் மண் இருந்த இடத்தில் மிளகாய்த்தூள் ஏறியது. பாரம் ஏறத்தாழ ஒன்றுதான்.

"போட்டு வாறன் மாமி," என்று கும்பிட்டாள் கஜந்தினி.

"வா," என்றார் அம்மா.  வெளிநாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்த கதை அந்த ஒழுங்கையில் யாருக்கும் பழக்கமில்லை.

அவள் போன பிறகும் கீர்த்திகன் விடியப்புறத்தில் நடப்பதை விடவில்லை. சிவப்புப்பைக்குள் செம்மண்ணை வைத்துக்கொண்டு தனியே நடந்தான். கால் மறந்துவிடக்கூடாது என்று தனக்குக் காரணம் சொல்லிக்கொண்டான். உண்மையில், அந்தப் பாரம் முதுகில் இருக்கும்போது அவள் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற சத்தத்தை வைத்தே எந்தப் பம்ப் தான் திருத்தியது என்று சொல்லக்கூடியவன், இப்போது ஒன்றும் காதில் விழாமல் நடந்தான். சோளகக் காற்று செம்புழுதியைக் கிளப்பி மூஞ்சையில் அடித்தது. எங்கே பார்த்தாலும் தட்டை. முன்பெல்லாம் அந்தத் தட்டை அவனுக்கு ஊர். இப்போது அது மலை இல்லாத இடம்.

கஜந்தினி தொடர்பு கிடைக்கிற இடங்களில் வட்ஸ்அப்பில் எடுத்தாள். அவள் குரலே மாறியிருந்தது. இரண்டு வசனத்துக்கு நடுவே மூச்சு விட்டுக் கதைத்தாள்.

"என்னப்பா, நுழைகழியைப் பாத்திட்டன்."

"எப்பிடிக் கிடக்கு?"

"எப்பிடிச் சொல்லுறது... எங்கடை கிணத்துக்குள்ளை இறங்கி நிண்டு மேலை பாப்பியள்தானே, சுத்திவரக் கல்லும் மேலை கொஞ்ச வானமும்? அப்பிடி ஒரு கிணறு நீளத்துக்கு, கண் காணாத தூரத்துக்குக் கிடக்கு. அடியிலை கடல். சத்தமே இல்லை. கறுத்தத் தண்ணி."

அன்றைக்கு அவன் கிணற்றடியில் போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். வாளி மிதந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

படங்களும் வந்தன. முதல் படத்தை அவன் ஒருதரம் பார்த்தான். செங்குத்தான மலை, உச்சியில் பழைய பனி, ஓர் ஓரத்தில் நீலப்பை.  அடுத்த படங்களை அவன் திறக்கவில்லை. "வடிவாய் இருக்கு" என்று மட்டும் எழுதி அனுப்பினான். தன் பெண்சாதியின் சந்தோசத்தைப் பார்க்க முடியாதவன் என்ன மனுசன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிய பிறகும் திறக்க முடியவில்லை.

அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பின்னேரமானால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கையை நீட்டுவார்.

"எங்கை, இண்டைக்கு எங்கை நிக்கிறாளாம்? காட்டு."

போனை அவரிடம் கொடுத்துவிட்டு அவன் அங்காலே பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சொல் வைத்திருப்பார். "உந்தப் புல்லுக்கு எத்தினை மாடு கட்டலாம்." "உந்த வீட்டுக் கூரையிலையும் புல்லு முளைச்சுக் கிடக்கு, ஏறிப் பிடுங்க ஒருத்தரும் இல்லையாக்கும்." நுழைகழியின் படத்தைக் கனநேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "உந்தத் தண்ணி உப்போ, நல்ல தண்ணியோ?" என்று கேட்டார்.

"உப்புத்தான் அம்மா. கடல்."

"இவ்வளவு தண்ணி கிடந்தும் உப்பெண்டால் என்ன பிரயோசனம்," என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்தார்.

ஊர் அதற்குள் வேறு கணக்குப் போட்டிருந்தது. அவள் வரமாட்டாள், அங்கேயே நின்றுவிடுவாள், போனவர்களில் யார் வந்தது? கடைக்குப் பம்ப் கொண்டுவந்தவர்கள் பம்பைப் பற்றி ஒரு சொல்லும் கஜந்தினியைப் பற்றி நாலு சொல்லும் கதைத்தார்கள். கீர்த்திகனுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. அவள் வருவாள். வரும்போது அவள் மலையைப் பார்த்தவளாக வருவாள், தான் பார்க்காதவனாக நிற்பேன் என்பதுதான் அவன் பயம். எட்டு வருசம் ஒன்றாகச் சுமந்ததை அவள் மட்டும் இறக்கி வைத்துவிட்டு வரப்போகிறாள்.

ஆவணிக் கடைசியில், கடை பூட்டுகிற நேரத்துக்கு அவள் எடுத்தாள். கடைசி ஒரு கிழமைக்கு லீவு எடுத்துக்கொண்டு றஜிதா அக்காவும் வந்து அவளோடு சேர்ந்து நடக்கிறா என்பது அவனுக்குத் தெரியும்.

"என்னப்பா, கடைக்குள்ளை ஆரும் நிக்கினமோ?"

"இல்லை. சொல்லும்."

"கதிரையிலை இருங்கோ."

"ஏன், என்ன நடந்தது? விழுந்திட்டீரோ?"

"விழேல்லை. ரெண்டு கிழமையாய் சத்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லையாக்கும் எண்டு இருந்தன். றஜிதா அக்கா கண்டவுடனை கீழை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதிக்க வைச்சவா." அவள் நிறுத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. "பிள்ளை, என்னப்பா. எங்களுக்குப் பிள்ளை."

கீர்த்திகன் கதிரையில் இருக்கவில்லை. ஒரு கையில் போனும் மறு கையில் ஸ்பானருமாக நின்றான். சந்தியில் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. "அழாதையும்" என்று அவளுக்குச் சொன்னான், தான் அழுதுகொண்டு.

பிறகு அவள் மற்றதைச் சொன்னாள். அந்தப் பாறைக்கு இன்னும் இரண்டு நாள் நடை. எட்டு வருசம் அவர்கள் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் இருக்கிற அதே பாறை. மெல்ல மெல்ல ஏறினால் ஒன்றும் செய்யாது என்று அங்கத்து டொக்டர் சொல்லியிருக்கிறார், றஜிதா அக்காவும் கூட வருவா.

"ஆனால் நீங்கள் வேண்டாமெண்டால் நான் ஏறேல்லை. சத்தியமாய் ஏறேல்லை. இப்பவே இறங்கி வந்திடுவன். நீங்கள் சொல்லுங்கோ."

"நாளைக்குச் சொல்லட்டோ?"

"ஓம். நாளைக்குச் சொல்லுங்கோ."

வீட்டுக்கு ஓடினான். அம்மா விளக்குத் திரியைத் திருத்திக்கொண்டிருந்தார். சொன்னதும் திரியை விட்டுவிட்டு அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கையில் இருந்த எண்ணெய் அவன் முகம் முழுக்க ஒட்டியது. "கொப்பர் இருந்து கேக்கக் குடுத்துவைக்கேல்லையே" என்று வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சீலைத்தலைப்பில் துடைத்து, சாமிப்படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு எழும்பினார். எழும்பும்போதே முகம் மாறிவிட்டது. விதி ஒன்று நினைப்புக்கு வந்துவிட்டது என்று கீர்த்திகனுக்கு விளங்கியது.

"தம்பி, பெண்சாதி பிள்ளைத்தாச்சியாய் இருக்கேக்கை புருசன்காரன் மலை ஏறப்படாது, கடல் கடக்கப்படாது."

கீர்த்திகன் சிரித்துவிட்டான். சாவுக்கும் மலை ஏறக்கூடாது, பிறப்புக்கும் மலை ஏறக்கூடாது. எங்கள் முன்னோர்கள் மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மலைக்கு இவ்வளவு தடை போட்டு வைத்திருக்கிறார்கள். ஏற ஆசைப்பட்டவன் ஒருவன் அந்தக் காலத்திலும் இருந்திருக்க வேண்டும்.

"ஏன் சிரிக்கிறாய்? எப்பிடியும் ரெண்டும் பங்குனியோடை முடிஞ்சிடும். ஒண்டோடை ஒண்டு கழிஞ்சுபோகும்," என்றார் அம்மா, ஏதோ லாபம் கண்டவர் மாதிரி.

மறுநாள் விடிய அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கோப்பாய்ப் பக்கத் தோட்டங்களைத் தாண்டியும் நடந்தான். வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சுகம். எட்டு வருசத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை, அதற்கு ஒன்று நடந்தால் என்ன செய்வது? வேண்டாம் என்றால் ஊர் மெச்சும், அம்மா மெச்சுவார், கஜந்தினியும் ஒரு சொல் மறுக்காமல் இறங்கி வருவாள். அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது அவ்வளவு தயாராக இருந்ததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. பிள்ளைக்காக வேண்டாம் என்கிறேனா, நான் இல்லாமல் அவள் அதில் போய் நிற்கக்கூடாது என்று வேண்டாம் என்கிறேனா? டொக்டர் ஏறலாம் என்கிறார். தாதி கூட வருகிறா. பிறகு யாருக்காக இந்த வேண்டாம்? நடந்து நடந்து பார்த்தான், பிரிக்க முடியவில்லை. அது ஒரே சொல்லாகத்தான் இருந்தது. தோட்டக் கரையில் பையை இறக்கி வைத்து அதற்குப் பக்கத்தில் இருந்தான். தன் மீது அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட இரண்டாவது தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்.

"அம்மா, அவள் ஏறலாமோ?"

"ஆர்?"

"கஜந்தினி. பிள்ளைத்தாச்சி மலை ஏறலாமோ?"

அம்மா அடுப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். இது அவர் துறை. விரல் மடித்து யோசித்தார். பப்பாப்பழம், அன்னாசி சாப்பிடக்கூடாது. கிரகணத்தில் வெளியே நிற்கக்கூடாது. செத்தவீட்டுக்குப் போகக்கூடாது. வாசற்படியில் இருக்கக்கூடாது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம் வந்தது.

"புருசனுக்குத்தான் மலை சொல்லிக் கிடக்கு. அவளுக்கு ஒண்டும் சொல்லிக் கிடக்கேல்லை."

"ஏன் அப்பிடி?"

"அந்தக் காலத்திலை ஆர் பொம்பிளையளை மலைக்கு விட்டது? விட்டாத்தானே ஏறாதையெண்டு சொல்லுறதுக்கு." சொல்லிவிட்டு அம்மா அவனைப் பார்த்தார். "டொக்டர் என்னவாம்?"

"மெல்ல ஏறலாமாம்."

"அப்ப என்னத்தை என்னட்டைக் கேக்கிறாய்?"

 தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்து கஜந்தினிக்கு எடுத்தான். அங்கே இன்னும் விடியாத நேரம், ஆனாலும் அவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஏறும்," என்றான்.

"உண்மையாயோ?"

"ஓம். மெல்ல ஏறும். றஜிதா அக்கான்ரை கையை விடாதையும்." பிறகு, சொல்லாமல் விட்டால் வாழ்க்கை முழுக்க அது தொண்டைக்குள் கிடக்கும் என்று பட்டதால், சொன்னான். "கஜந்தினி, எனக்குப் பொறாமையாய்க் கிடக்கு. உம்மிலை இல்லை... உம்மிலையும்தான். படமெல்லாம் நான் திறந்தே பாக்கேல்லை."



"தெரியும்," என்றாள் அவள். "ஒரே சொல்லைத்தானே திருப்பித் திருப்பி எழுதினியள். அப்ப நான் இறங்கட்டோ?"

"இறங்கினால் கொல்லுவன். ஏறும்."

இரண்டு நாள் கழித்து, பின்னேரம், கீர்த்திகன் கிணற்றடியில் குளித்துவிட்டு நின்றபோது போன் அடித்தது. வீடியோ. திரையில் கஜந்தினியின் முகம். வெயில் பட்டுக் கன்னம் சிவந்து, உதடு வெடித்து, தலைமயிர் காற்றில் பறந்தது. அவளுக்குப் பின்னால் வானம் மட்டும் தெரிந்தது. எட்டு வருசத்தில் அவன் அப்படி ஒரு முகத்தை அவளில் ஒரே ஒருதரம்தான் கண்டிருக்கிறான், சிவனொளிபாத மலை உச்சியில்.

"என்னப்பா, வந்திட்டன். அதிலைதான் நிக்கிறன். பொறுங்கோ, திருப்பிக் காட்டுறன்."

"காட்டாதையும்!"

அவன் கத்தியதில் குசினிக்குள் இருந்த அம்மா வெளியே வந்துவிட்டார்.

"ஏன்?" என்றாள் கஜந்தினி.

"நான் வந்து பாக்கிறன். போனுக்குள்ளை பாத்திட்டால் முடிஞ்சுபோயிடும். உம்மடை முகத்தை மட்டும் காட்டும், அது காணும்."

 வெடித்த உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைக் காட்டினாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். ஆசையில் அவனுக்கு உடம்பெல்லாம் நொந்தது. அவளைத் தொட வேண்டும், அந்த வயிற்றைத் தொட வேண்டும், அந்தப் பாறையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 

"நீ பாக்காட்டில் எனக்குக் காட்டச் சொல்லு," என்றார் அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. "அவ்வளவு தூரம் என்ரை பேரப்பிள்ளை ஏறியிருக்கு. நான் பாக்கவேணும்."

கீர்த்திகன் போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றான். "மாமி, இஞ்சை பாருங்கோ, இதுதான் கீழை தெரியிற நுழைகழி" என்று கஜந்தினி சொல்வது கேட்டது. பிறகு காற்றுச் சத்தம். அம்மாவின் கருத்துக்காக அவன் காத்திருந்தான். புல்லைப் பற்றியோ, உப்பைப் பற்றியோ, விழுந்தால் எலும்பும் மிஞ்சாது என்றோ. ஒன்றும் வரவில்லை. எதைப் பார்த்தாலும் ஒரு சொல் சொல்லாமல் விடாத மனுசி வாயைத் திறக்கவில்லை. அவனுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கிணற்றுக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி," என்றார் அம்மா கடைசியில்.  "நீ இதைப் பாக்காதை. பாத்தால் நிக்கமாட்டாய்."

"பாக்கேல்லை அம்மா."

"பிள்ளை பிறந்து துடக்குக் கழிஞ்ச கையோடை நீ போயிட்டு வா. பிள்ளையை நானும் அவளும் பாப்பம். சுணங்காதை, என்ன? பேந்து நான் செத்தால் அதுக்கும் ஒரு வருசம் நிக்கவேணும்."

திரையைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து, போனை அவன் கையில் வைத்தார். உள்ளேயிருந்து கஜந்தினியின் குரல், கேட்குதோ, கேட்குதோ என்று கேட்டுக்கொண்டிருந்தது.